மெயில் பெரட்டு

படிக்காதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. முழுக்கப் படித்தவர்கள் கெடுதல் செய்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். அரைகுறையாகப் படித்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் பதுளையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் டிப்ளோமா படித்தவள். (சான்றிதழ் இன்னும் இருக்கிறது. லேமினேட் பண்ணித் தொலைத்துவிட்டேன், அதனால் கிழித்துப்போடவும் முடியவில்லை.)

எங்கள் வீடு ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் ஒட்டிய லயத்தில் கடைசிக் காம்பிரா. நான் ஓ.எல். பரீட்சை எடுப்பதற்கு முன்பே அப்பா தவறிவிட்டார். அம்மா கொழுந்தெடுத்தார். ராணி அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். என் டிப்ளோமா அவள் அனுப்பிய காசு. பதுளையில் பழசாக வாங்கிய கம்ப்யூட்டரும் அவள் காசு. வயர் இழுக்காமல் கூரையில் ஏரியல் கட்டி எடுக்கிற சிடிஎம்ஏ ஃபோன் அப்போதுதான் தோட்டங்களுக்கு வந்திருந்தது, அதுவும் அவள் காசுதான். அந்த ஃபோனைக் கம்ப்யூட்டரில் சொருகி வீட்டிலேயே ஈமெயில் வைத்துவிட்டேன். எங்கள் டிவிஷனில் அப்படிச் செய்த முதல் ஆள் நான் என்பதை அந்த நாட்களில் யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

கம்ப்யூட்டரை சாமிப் படத்துக்குக் கீழே வைத்தோம். அம்மா திரைக்கு நெற்றி மாதிரி ஓர் இடம் கண்டுபிடித்துக் குங்குமம் வைத்தார். மூடுவதற்கு அக்காவின் பழைய சேலை. நான் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன்: இனி காகிதம் வேண்டாம், ஃபோனும் வேண்டாம், பேசினால் லைன் பிஸியாகிவிடும், எதுவானாலும் ஈமெயில் போடு, வந்த கையோடு பார்ப்பேன். முகவரியை மனப்பாடம் பண்ணச் சொல்லி மூன்று கடிதத்தில் திரும்பத் திரும்ப எழுதினேன். அவள் வேலை செய்த வீட்டு மேடத்தின் மகள் நல்ல பிள்ளை. அக்கா சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை காதில் விழுந்தபடி தட்ட, அவளுடைய முகவரியிலிருந்து ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். ‘நான் சுகம். அம்மா கால் எப்படி. மாலா நன்றாகப் படிக்கிறாளா.’ (மாலா நான்தான்.) அவ்வளவுதான் இருக்கும். அம்மா அதைப் பல தடவை வாசிக்கச் சொல்வார்.

அடுத்து பாதுகாப்பு. எங்கள் வகுப்பு ஆசிரியர் தேவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கடைசிப் பாடத்தில் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “தெரியாத ஆள் அனுப்பினதைத் திறக்கவே கூடாது, பிள்ளையள். அவசரம் எண்டு போட்டிருந்தால் அவன் கள்ளன். கூடவே ஏதும் இணைச்சிருந்தால் கட்டாயம் கள்ளன்.” கொப்பியில் நான் இதைச் சிவப்பு மையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

முதலில் கடவுச்சொல் போட்டேன். அங்கேதான் லயத்தோடு முட்டிக்கொண்டது. லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தியிருந்தால் வீட்டில் ஆள் இல்லை, அல்லது உள்ளே ஏதோ கேவலம் நடக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் காம்பிரா லெச்சுமி அத்தை, கொழும்பில் கடையில் நிற்கும் தன் மகன் இந்தப் பெட்டிக்குள் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று பார்க்க வந்தார். திரையில் கட்டம் ஒன்று வந்து நின்றது.

“என்னாடி கேக்குது?”

“கடவுச்சொல் அத்தை. வேற ஆள் யாரும் பாக்காம இருக்க.”

“வேற ஆளுன்னா யாரு, நானா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் கம்ப்யூட்டர் பாதுகாப்பின் அடிப்படைகளை விளக்கத் தொடங்கினேன். அத்தை பாதியில் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சீனி கேட்டுக்கூட வரவில்லை. அவர் வராததால் அந்த வரிசையில் வேறு யாரும் வரவில்லை. தண்ணீர்ப் பீலியில் அம்மா தனியாக நின்றார்.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “லயத்துல இருந்துகிட்டு கதவ சாத்திக்கிட்டு வாழ முடியாது மாலா. எல்லாருக்கும் தொறந்து காட்டு,” என்றார்.

தோட்டத்துக்கு வருகிற கடிதங்கள் ஆபீசுக்கு வந்து, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில்தான் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும். வெளிநாட்டுக் கடிதமென்றால் வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் எல்லாரும் உட்கார, ஒருவர் சத்தமாக வாசிப்பார். யாருக்கு வந்ததென்றாலும் கேட்க எல்லாருக்கும் உரிமை உண்டு. அதே மாதிரி ஈமெயிலையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சபையில் திறப்பது என்று முடிவாயிற்று. வாரம் முழுவதும் நான் தொடவே கூடாது, தொட்டால் களவாகப் பார்த்ததாகிவிடும். பேக்டரியில் வேலை செய்த பெருமாள் மாமா இதற்கு மெயில் பெரட்டு என்று பெயர் வைத்தார். (வந்த கையோடு பார்ப்பேன் என்று அக்காவுக்கு எழுதிக் கொடுத்தவளும் நான்தான். அதை அப்போது யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.)

பெரட்டு நன்றாகவே நடந்தது. அம்மா பிளேன்டி ஊற்றுவார். ஃபோன் கீச்சுக்கீச்சென்று கத்தி இணைப்பு எடுக்கும்போது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். லெச்சுமி அத்தைக்கு முன்வரிசை. ஆனால் வருகிற மெயில் கொஞ்சம்தான். அப்படியொரு வெறும் ஞாயிற்றுக்கிழமையில்தான் முதல் கள்ளன் வந்தான். ஆப்பிரிக்காவில் கணவனை இழந்த பெரிய இடத்து அம்மா ஒருத்தி தன் சொத்து முழுவதையும் எனக்கே தருவதாக எழுதியிருந்தாள். இணைப்பு ஏதும் இல்லை என்ற தைரியத்தில் நான் வரிவரியாக வாசித்து, தந்திரம் எங்கே இருக்கிறதென்று விளக்கி, சபை பார்க்க அழித்தேன். கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அதுதான், அதற்குப் பிறகு நான் நிதானத்தில் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து லயத்து ஜனங்கள் அக்காவின் மெயிலைவிடக் கள்ளனின் மெயிலைத்தான் அதிகம் எதிர்பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் அக்காவின் மெயில் நின்றுபோனது. ஒப்பந்தம் முடிகிற காலம், தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாள். முதல் வாரம் வேலை அதிகமாக இருக்கும் என்றோம். பிறகு மேடத்தின் மகளுக்குப் பரீட்சையாக இருக்கும் என்றோம். நான் விசாரித்துப் போட்ட மெயிலுக்கும் அந்தப் பிள்ளையிடமிருந்து பதில் வரவில்லை. அம்மா மலையிலிருந்து வந்து கூடையை இறக்கி வைத்ததும் சேலை போட்டு மூடிய கம்ப்யூட்டரைப் பார்ப்பார். கேட்கமாட்டார். ஞாயிறு வரட்டும் என்று நானாகவே சொல்வேன்.

ஞாயிறு வந்தது. வெளியே நல்ல மழை, உள்ளே ஆள் நெரிசல். ஒரே ஒரு மெயில் இறங்கியது. அனுப்பியவர் யாரோ ஓர் ஆண், கேள்விப்படாத பெயர். கூடவே ஒரு படம் இணைத்திருந்தது. தலைப்பில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து, தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘அவசரம். உன் அக்கா. தயவுசெய்து திற.’

வாசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். தேவநேசன் சேர் சொன்ன அத்தனை அடையாளமும் ஒரே மெயிலில் வந்திருந்தது. இவ்வளவு சுத்தமான கள்ளனை நான் அதுவரை பார்த்ததில்லை. அவசரம் என்கிறான் பாருங்கள், சொந்தம் கொண்டாடுகிறான் பாருங்கள், கெஞ்சுகிறான் பாருங்கள் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

அம்மா டீக் கேத்தலோடு அடுப்படி வாசலில் நின்றார். “அக்கான்னு போட்டிருக்குங்கிறியே. தொறந்துதான் பாரேன்.”

“அதுதாம்மா அவனோட வித்தை. ஒலகத்துல எல்லாருக்கும் ஒரு அக்கா இருக்கும். தொறந்தா கம்ப்யூட்டர் செத்துப் போகும்.”

அழித்தேன். அழித்தவை கிடக்கிற குப்பைப் பெட்டியையும் காலி செய்தேன். இனி அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் எங்கள் கண்ணில் படாமலே அழியும்படி ஒரு தடையும் போட்டேன். அந்தத் தடையை வகுப்பில் யாருக்கும் சரியாகப் போட வராது, எனக்கு மட்டும்தான் வரும். பெருமாள் மாமா எழுந்து நின்று, கள்ளனைக் காட்டை விட்டே விரட்டியாச்சு என்றார். எல்லாரும் தட்டினார்கள். அம்மாவின் கையில் கேத்தல் இருந்தது, அவர் தட்டவில்லை.

பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கள்ளனும் வரவில்லை, அக்காவும் வரவில்லை. தீபாவளியும் போய்விட்டது. அம்மா அக்காவுக்கு எடுத்து வைத்திருந்த சேலையை மடித்து மறுபடி பெட்டியில் போட்டார்.

ஒரு பெரட்டின் நடுவில்தான் ரவூப் வந்தார். பதுளைக் கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருப்பவர், சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேடேறி வந்திருந்தார். வாசலில் நின்று, குவைத்திலிருக்கும் ராணியின் வீடு இதுதானா என்று கேட்டார். அவருடைய அண்ணன், அவர் பேச்சில் நானா, குவைத்தில் அக்கா வேலை செய்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டு டிரைவராம்.

“நானா மெயிலுக்கு மேல மெயில் போட்டிருக்காரு தங்கச்சி. ஒரு மறுமொழியும் இல்லயாம். ஊட்டுல ஒத்தரும் உசிரோட இல்லயோ எண்டு பயந்துதான் தோட்டத்துப் பேர விசாரிச்சு என்ன அனுப்பினாரு.”

மிச்சத்தை அவர் மெதுவாகச் சொன்னார். அக்கா உயரத்துக் கண்ணாடி துடைக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டாள். தோளும் கையும் முறிந்திருந்தன. மேடம் வீட்டார் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போனார்கள், பை, பாஸ்போர்ட், எங்கள் ஃபோன் நம்பர் எழுதிய துண்டு எல்லாம் அந்த வீட்டிலேயே கிடந்தது. அக்காவின் தலையில் மிச்சமிருந்தது நான் மனப்பாடம் பண்ண வைத்த ஈமெயில் முகவரி மட்டும். தூதரகம் அவளை ஊருக்கு அனுப்ப அவளுடைய அடையாள அட்டைப் பிரதியும் ஒப்பந்தக் கடதாசியும் வேண்டும், அவை எங்கள் தகரப் பெட்டியில் இருந்தன. வெறும் எழுத்தை வீட்டில் நம்பமாட்டார்கள் என்று அந்த டிரைவர், கட்டிலில் கட்டோடு கிடந்த அக்காவைப் படமெடுத்து இணைத்திருக்கிறார். தலைப்பை அக்காவே சொல்லிக் கொடுத்தாளாம்.

கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. பெருமாள் மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது, இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அம்மா தகரப் பெட்டியைத் திறந்து கடதாசிகளை எடுத்து, முந்தானையில் சுற்றிக்கொண்டார். பதுளையில் ஃபேக்ஸ் அனுப்புகிற கடை ஒன்று ஞாயிறும் திறந்திருக்கும் என்று ரவூப் சொன்னார். லெச்சுமி அத்தை குடையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். நானும் எழுந்தேன். அம்மா வாசலில் ஒரு நிமிடம் நின்றார்.

“நீ தொறந்திருந்தா செத்திருக்கப் போறது மிஷின்தானே?”

அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரத்திலிருந்து நான் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பகலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். உள்ளே கேவலம் இருந்தால் சாத்தலாம் என்பதுதானே லயத்து வழக்கம்? யாரும் தட்டவில்லை. ஒரு மத்தியானம், அம்மா மலைக்குப் போயிருந்தபோது தட்டுகிற சத்தம் கேட்டது. யார் என்று உள்ளிருந்தே கேட்டேன்.

“அவசரம். ஒன் அக்கா. தயவு செஞ்சு தொற.”

நான் தாழ்ப்பாளைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டிருந்தேன். வெளியே அக்கா சிரிப்பது கேட்டது, இதையாவது அழிக்காம தொறடி என்றாள். நான் செய்ததையெல்லாம் ரவூப் மூலம் கேட்டு அந்த டிரைவர் அவளுக்குச் சொல்லியிருந்தார். கதவு திறந்தபோது ஒரு கையால்தான் கட்டிப்பிடித்தாள். மற்றக் கை தோளுக்கு மேலே எழும்பாது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, கொஞ்சம் முந்தி வந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்று பதுளையில் டாக்டர் சொன்னார். அக்கா அதற்குப் பிறகு கொழுந்துக்கூடை போடவில்லை.

அந்த மூன்று வாக்கியமும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டன. குளிக்கிற அறைக் கதவில் பிள்ளைகள் தட்டும்போது அதுதான். பிஸ்கட் டின் மூடி இறுகினாலும் அதுதான். பெருமாள் மாமா மட்டும் அதைக் கேட்டு ஒரு நாளும் சிரித்ததில்லை. நான் இப்போது பண்டாரவளையில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறேன். (விதிக்கும் என்னைக் கேலி பண்ண வேண்டியிருக்கிறது.) தெரியாத ஆள் அனுப்பியதைத் திறக்காதீர்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து வருவதையெல்லாம் திறக்கிறேன். என் கம்ப்யூட்டர் பல தடவை செத்துவிட்டது. பழுது பார்ப்பவர், ஒரு டீச்சர் இப்படியும் இருப்பாரா என்கிறார்.

அக்கா மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வருவாள். நல்ல கையில் பை, முற்றத்திலிருந்தே அந்த மூன்றையும் சொல்வாள். எங்கள் வீட்டுக் கதவு பகல் முழுக்கத் திறந்துதான் கிடக்கும். ஆனாலும் நான் எழுந்து போய், திறந்த கதவை இன்னொரு தடவை அகலத் திறந்துவிட்டுத்தான் வாக்கா என்பேன்.