பஸ்ஸை நிறுத்தச் சொன்ன மனு

முழுசாகப் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று எங்கள் ஊருக்கே பாடம் எடுப்பவள் நான். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் என்பதால் அந்த உரிமை எனக்கு உண்டு (என்று நானே முடிவு செய்துகொண்டேன்). அப்பேர்ப்பட்ட நான், படிக்காத மனுவில் நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன்.

எங்கள் ஊர் வெள்ளிமலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி பஸ் எங்களைப் பார்த்து ஹாரன் அடிக்கும், நிற்காது. அடுத்த ஊரில் இறங்கி, மூட்டை முடிச்சோடு திரும்பி நடக்க வேண்டும்.

வெள்ளிமலையில் முகாம் போட்டு அதிகாரி மனு வாங்குகிறார் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனில் ஏஐயிடம் கேட்டேன்: "பஸ்ஸை நிறுத்தச் சொல்லி உயர்ந்த தமிழில் ஒரு மனு எழுது." அவ்வளவுதான். எந்த ஊர், எதற்கு, யாருக்கு? எதுவும் சொல்லவில்லை. உலகமே தெரிந்ததற்கு எங்கள் ஊர் தெரியாதா என்ன?

'மாண்பமை பெருந்தகையீர்' என்று ஆரம்பித்தது மனு. அதிலேயே மயங்கிவிட்டேன். கீழே போகவே இல்லை.

"இன்னாடி எழுதிக்கீது? படிச்சிக் காட்டேன்" என்றாள் அப்பாவின் தங்கை செல்வி அத்தை.

"அது செந்தமிழ் அத்தை, உனுக்குப் புரியாது. கையெழுத்துப் போடு."

முகாமில் அதிகாரி மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஏம்மா, நிஜமாவே பஸ்ஸ நிறுத்தணுமா?"

"ஆமாங்க சார்!"

"ஊர்ல எல்லாருக்கும் சம்மதமா?"

"நிறுத்தணும் சார்! கண்டிப்பா நிறுத்தணும்!" என்று பின்னாலிருந்து கூட்டமாகக் கத்தினார்கள். அத்தை கை வேறு தட்டினாள்.

"நிறுத்திட்டா கள்ளக்குறிச்சிக்கு எப்படிப் போவீங்க?"

அத்தை அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பஸ்ஸுலதாங்க சார்."

அதிகாரி மெதுவாக வாய்விட்டுப் படித்தார்: "எங்கள் ஆடுகளின் நிம்மதியைக் குலைத்து, மலையின் அமைதியைக் கெடுக்கும் இப்பேருந்துச் சேவையை நிரந்தரமாக நிறுத்துமாறு..."

கூட்டம் அமைதியானது. (ஆடுகளுக்கு அப்போதுதான் உண்மையான நிம்மதி கிடைத்திருக்கும்.)

"அடிப்பாவி! இருக்கிற ஒரே பஸ்ஸுக்கும் ஒல வச்சிட்டியேடி!" என்றாள் அத்தை.

அதிகாரி சிரித்து முடிக்கும்வரை தலை குனிந்து நின்றேன். "பஸ் ஓடணுமா, நிக்கணுமா, அத எழுதிக்கினு வாம்மா" என்று அரை மணி நேரம் கொடுத்தார்.

ஓரமாக உட்கார்ந்து, இந்த முறை விவரமாகக் கேட்டேன்: "கள்ளக்குறிச்சி பஸ் எங்கள் ஊர் வழியாகப் போகிறது, ஆனால் நிற்பதில்லை. அது தொடர்ந்து ஓட வேண்டும். தினமும் எங்கள் ஊரில் நின்று ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். அதிகாரிக்கு, எளிய தமிழில், அரைப் பக்க மனு எழுது." வந்ததை வரிவரியாக அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் தலையாட்டிய பிறகுதான் பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து, எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது பஸ் நிற்கிறது. ஆனால் அத்தைக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. எங்கள் ஊர் வந்ததும் பஸ்ஸே கேட்கிற மாதிரி கத்துவாள்:

"கண்டக்டர் தம்பி, நிறுத்துப்பா! நாங்க எறங்கினதும் திரும்ப எடுத்துடு. நாளைக்கும் வா. எங்க வூட்ல படிச்ச பொண்ணு இருக்குது, எல்லாத்தையும் தெளிவா சொல்லிடணும்!"