கழுத்தளவு

ஒரு மாதமாவது வீட்டில் தன் பேச்சு எடுபட வேண்டும் என்று தையல்காரருக்கு நெடுநாள் ஆசை. அதற்கு ஒரே வழி, மனைவி பேசாமல் இருப்பது. அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் பேசியது போக மிச்சம் இருக்காது என்று நம்பித்தான் கட்டிக்கொண்டார். மிச்சம் அசலைத் தூக்கிச் சாப்பிட்டது.

வாய்ப்பு ஒரு சாயங்காலம் தானாகவே வந்தது.

"என்னங்க, என் கழுத்து வீங்கின மாதிரி இல்ல?"

டேப்பை எடுத்து அளந்தார். அதே பழைய அளவு. ஆனாலும் இன்னொரு தடவை அளந்தார்.

"டேப்புக்கு என்னங்க தெரியும்? ஆயுர்வேத டாக்டரம்மாகிட்ட காட்டணும். நீங்களும் வாங்க. பயமா இருக்கு."

அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க ஊசியோடு குடும்பம் நடத்துகிற மனிதருக்கு, வைத்தியர் கையில் அதே ஊசியைக் கண்டால் கண் இருட்டும். அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்காதவர், "வர்றேன்" என்று உடனே சொல்லிவிட்டார்.

பயம் தெளிந்த பிறகு மூளை வேலை செய்தது. மறுநாள் அவள் வைத்தியசாலை வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் முந்திக்கொண்டு உள்ளே போனார்.

"டாக்டர், பெரிசா ஒண்ணும் இல்லேன்னா, ஒரு மாசம் பேசக் கூடாதுன்னு சொல்லிடுங்க. அவ தொண்டைக்கும் ஓய்வு, என் காதுக்கும் ஓய்வு."

"பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

டீச்சர் உள்ளே வந்து உட்கார்ந்தாள். டாக்டரம்மா அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார்.

"ஒப்பிட்டுப் பார்க்கணும். சார், காலர் பட்டனைக் கழட்டுங்க."

"அதைப் போடவே இல்லைங்க. சட்டை சுருங்கிடுச்சு."

"ஊர் துணியெல்லாம் நனைச்சுத் தைக்கிறவரு," என்றாள் டீச்சர். "உங்க சட்டை மட்டும் சுருங்குமா?"

தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார்கள். விழுங்கினார். எதிர்க் கண்ணாடியில், அவர் தொண்டையில் கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ ஒன்று ஏறி இறங்கியது.

"எங்க சாஸ்திரத்துல இதுக்குக் கலகண்டம்னு பேரு."

"கற்கண்டா?"

"கலகண்டம்! கழுத்துக் கழலை. கபமும் கொழுப்பும் கூடினா வரும்னு சொல்லுவோம்."

"இவருக்குக் கொழுப்பு கூடினது கல்யாணமான அன்னிக்கே தெரியும் டாக்டர்!"

"பகல்ல தூங்கக் கூடாது. தயிர், இனிப்பு குறைக்கணும். காலையில நடக்கணும். குரலும் கம்மியிருக்கு, ஒரு மாசம் பேச்சைக் குறைங்க" என்றார் டாக்டரம்மா. "கஷாயமெல்லாம் அப்புறம். முதல்ல ரத்தத்துல தைராய்டு பார்க்கணும். அது தெரியாம நான் மருந்து குடுக்க மாட்டேன்."

"ரத்தம்னா... ஊசியா?"

தையல்காரர் வெளியே போக எழுந்தார். அதற்குள் கதவை மறித்துச் சாய்ந்தபடி டீச்சர் நின்றாள்.

"அப்ப இவ கழுத்து?"

"அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. முந்தாநாளே வந்து, உங்களை எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு கேட்டுட்டுப் போனாங்க."

தையல்காரர் மனைவியைப் பார்த்தார்.

"எத்தனை தடவை கூப்பிட்டேன்? வந்தீங்களா?" அவள் குரல் உடைந்தது. "எனக்குன்னா ஓடி வருவீங்கன்னு தெரியும்."

அவர் கையை நீட்டினார். அவள் அவர் கண்களைப் பொத்திக்கொண்டாள். ஊசி போய் வந்ததே தெரியவில்லை.

சுரப்பி கொஞ்சம் சோம்பல், மருந்தில் சரியாகிவிடும் என்று முடிவு வந்தது. மறுநாள் காலையே இருவரும் நடக்கப் போனார்கள். அவள் கையைக் கோத்துக்கொண்டபோது, இவளைப் போல ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. பல் தெரியச் சிரித்தார்.

அவள் அந்தப் பல்லையே சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, வர்ற வாரம் எனக்குப் பல் வலிக்கப் போகுது. துணைக்கு வருவீங்கல்ல?"