விசாரித்துச் சாப்பிட்ட மாத்திரை

விசாரிப்பாளர் என்றொரு இனம் உண்டு. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சாளை மீனைக்கூட வாங்காது. கருத்தடை மாத்திரை என்றால் மட்டும், டாக்டர் சொன்ன பிறகும் ஊர் முழுக்க விசாரித்து, யார் அதிகமாகப் பயமுறுத்துகிறாரோ அவரை நம்பும். நானும் அந்த இனம்தான்.

தூத்துக்குடித் துறைமுக ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் ஹில்டாவைப் பாருங்கள். சரக்குப் பத்திரத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு முறை கோட்டைவிட்ட சுங்கத் தரகர் தேர்வை இந்த முறை முடித்தே தீர வேண்டும், அதுவரை பிள்ளை வேண்டாம் என்பது அவள் தீர்மானம். ஏழு மாதக் கப்பல் வேலை முடிந்து சீக்கிரமே லீவில் வரப்போகும் கணவன் ஜெஸ்டினுக்கும் சம்மதம். தினமும் ஒன்று, ஒரு நாளும் விடக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் ஒருவர் சொன்னால் போதுமா?

உடம்பு ஊதும் என்றாள் நாத்தனார். முடி கொட்டும் என்றது யூடியூப். சூடு என்றாள், திருச்செந்தூர் பஸ்சில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த, பேர்கூடத் தெரியாத ஒருத்தி. எடை முந்நூறு கிராம் கூடிய அன்று ஹில்டா மாத்திரையை விட்டாள். சீப்பில் நாலு முடி வந்த அன்றும் விட்டாள். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த விவரத் தாளை மட்டும் பிரிக்கவே இல்லை. ஜெஸ்டின் வந்து, லீவு முடிந்து மறுபடி கப்பலேறிய பிறகு, நாள் தள்ளிப்போனது.

"இருவத்தொரு மாத்திரையில எத்தன போட்டிய?" என்று கேட்டாள் நர்ஸ்.

"ஒம்பது. பயம் வந்த அன்னைக்கு மட்டும் போடல."

"மாத்திரைக்குப் பயந்திய, இதுக்குப் பயப்படலயாக்கும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தால், பிரசவமும் தேர்வும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. 'படிச்ச மூதி' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஹில்டா அழுதாள். இந்தத் தேர்வும் போயிற்றே என்ற துக்கத்தைவிட, தன் கையாலேயே போயிற்றே என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் ஆபீசில், புதிதாகக் கல்யாணமான சுடலைச்செல்வி பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்.

"ஏக்கா, மாத்திர போட்டுமா கரு தங்கிட்டு?"

ஒன்பதுதான் போட்டேன் என்று சொல்ல ஹில்டா வாயைத் திறந்தாள்.

"ஆமாளா. அந்த மாத்திரையெல்லாம் கேக்காது."

அன்று சாயங்காலமே சுடலைச்செல்வி தன் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டாள்.

நீங்கள் அப்படியெல்லாம் ஏமாறுகிறவர் இல்லை. ஆனால் இவ்வளவு நேரம் நான் சொன்னதை அப்படியே நம்பினீர்களே, இதெல்லாம் எனக்கு யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?