நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவனும், மின்தூக்கிகளுக்கு நிரல் எழுதுவதில் இருபத்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவனுமாகிய நான், தாங்கள் இனி என் வீட்டுக் கணினியில் பைத்தான் மொழி நிரலை ஓட்டலாகாது என முறைப்படி ஆட்சேபிக்கவே இதை எழுதுகிறேன். தங்கள் நலத்தையும், தங்களிடம் வரும் நோயாளிகளின் பற்களின் நலத்தையும் அறிய அவா.

பள்ளியில் உதவித் தலைமையாசிரியையான தங்கள் அக்காவுக்கு, நாற்பத்திரண்டு ஆசிரியர்களின் கால அட்டவணை போட வீட்டிலேயே நான் இருக்க, பல் மருத்துவரான தாங்கள் ஒரே மாலையில் பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தீர்கள். அது ஒருமுறை ஓட நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி. நான் மூன்று வாரம் முதுகு ஒடிய அதையே வேகத்துக்குப் பெயர்போன சி மொழியில் எழுதி, போட்டிக்கு விதிகளும் வகுத்தேன்: ஒரே கணினி, நேரம் அளக்கையில் திரையில் எதையும் காட்டலாகாது. என் நிரல் பூஜ்ஜிய நொடியில் முடிந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். தங்கள் அக்கா திரையை உற்றுப் பார்த்து, "ஏங்க, அட்டவணை எங்க?" என்றாள். உடனே தாங்கள், "மாமா, விடையை எங்கயும் காட்டலைன்னா, புரோகிராமை மெஷினுக்கு மொழிபெயர்க்கிற கம்பைலர் இந்த வேலையே வேண்டாம்னு தூக்கிப் போட்டுடும். உங்க புரோகிராம் ஜெயிக்கல, லீவு போட்டிருக்கு" என்றீர்கள். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மணமான இருபத்து மூன்று ஆண்டுகளில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அன்றே பிழையைத் திருத்தினேன். ஒன்று புள்ளி எட்டு நொடி, விடையோடு. தங்களுடையதைவிட நூற்று நாற்பது மடங்கு வேகம். ஆனாலும் சனிக்கிழமை ஓர் ஆசிரியை விடுப்பு எடுத்ததும் தங்கள் அக்கா தங்களையே அழைத்தாள். அடுத்த அறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கள் நிரல் ஆமையாய் ஊர்ந்தது.

"அக்கா, அந்தக் கணக்கு டீச்சர் இன்னும் சண்டை போடறாங்களா?"

"போடாம? முதல் பீரியடே கூடாதாம், தூக்கம் வருதாம்!"

"எங்கிட்ட அனுப்பு. ஒரு ஊசி போட்டா நாலு மணி நேரம் வாயே திறக்க மாட்டாங்க."

மறுபடி அதே சிரிப்பு. ஆறு முறை ஓட்டினீர்கள். இருபத்தைந்து நிமிடம் பன்னிரண்டு நொடி அவள் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என் நிரலை ஆறு முறை ஓட்டினால் எனக்குக் கிடைப்பது பதினோரு நொடிகூட இல்லை. தாங்கள் போன பிறகு காரணம் கேட்டேன். "உங்களோடது நல்லாத்தாங்க இருக்கு. ஆனா வாயைத் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுது, நீங்களும் எழுந்து போயிடறீங்க" என்றாள்.

ஆகவே என் ஆட்சேபம் நிற்கிறது. தங்கள் இல்லத்தார் அனைவரும் குறைவின்றி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாமா

பின்குறிப்பு: மேற்கண்ட ஆட்சேபத்தை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். தாங்கள் வழக்கம்போல் வரலாம். ஆனால் அந்தக் கணக்கு டீச்சரைப் பற்றித் தாங்கள் அறிந்த அனைத்தையும் மறுதபாலில் எனக்கு எழுதவும். விடை தயாரான பின்னும் ஐந்து நிமிடம் சும்மா நிற்கும்படி என் நிரலில் ஒரு வரி இப்போதே சேர்க்கப் போகிறேன்.