பந்தி அண்ணனும் எங்கள் வீட்டு வைஃபையும்

இணையத்துக்கே வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் மலேசியாவில், எங்கள் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் பந்தி அண்ணன்.

பத்து காஜா என்னும் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து, சிறு வயதிலேயே ஈப்போவுக்கு வந்தவர். வாரநாட்களில் ஒரு சாமான் கிடங்கில் வேலை. சனி ஞாயிறு ஆனால் கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். யார் முதல் பந்தி, யார் இரண்டாம் பந்தி என்பது அவர் முடிவு. மாப்பிள்ளையின் தாய்மாமனே வந்தாலும் அண்ணன் கையை எடுத்தால்தான் உள்ளே போகலாம். அவரை யாரும் அந்த வேலைக்கு வைத்ததில்லை. பத்திரிகை கொடுத்தால் அவர் சாப்பிட வரமாட்டார், வாசலில் நிற்கத்தான் வருவார்.

ஒரு கல்யாணத்தில் டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் பரிவாரத்தோடு வந்து நின்றார். அண்ணன் அசையவில்லை.

"டத்தோ, சுகர் இருக்கா?"

"இல்லையே."

"அப்ப ரெண்டாவது பந்தி. சுகர்காரங்கதான் நேரத்துக்குச் சாப்பிடணும். நீங்க செத்த உக்காருங்க லா."

டத்தோ உட்கார்ந்தார். கல்யாண வீட்டுக்காரர்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

ரொட்டி சானாய் கடைக்குப் போனாலும் இதே கதைதான். பொட்டலம் கட்டி வாங்கிப் போகிறவர்கள் ஒரு பக்கம், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டுத்தான் தனக்குச் சொல்லுவார். ஒருமுறை காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனவர், அங்கே இருந்தவர்களையெல்லாம் நோய் வாரியாகப் பிரித்து உட்கார வைத்துவிட்டு, தன் காய்ச்சலைக் காட்ட மறந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் வைஃபை பெட்டி கிடைத்தால் சும்மா இருப்பாரா? மகள் வீட்டில் புதிதாக மாட்டிய பெட்டியின் செட்டிங்கைத் திறந்து பார்த்திருக்கிறார். எந்தப் போனுக்கு, எந்த ஆப்புக்கு நெட்டை முதலில் விட வேண்டும் என்று நாமே சொல்லலாம் என அதில் ஓர் இடம் இருந்தது. போதாதா! அன்றிலிருந்து எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்தார். கூப்பிட்டாலும் வந்தார், கூப்பிடாவிட்டாலும் வந்தார்.

"இங்க பாரும்மா," என்பார். "நெட்டுங்கிறது சாப்பாட்டுக் கூடம். இந்த வீடியோ இருக்கே, பெருந்தீனிக்காரன். ஆனா முன்னாடியே வாங்கி எலைல குவிச்சு வெச்சுக்குவான். கொஞ்சம் லேட்டானாலும் அவனுக்கு ஒன்னும் ஆவாது. பேசுற கால் அப்படி இல்ல. அதுக்கு ரெண்டு வாய் சோறு போதும், ஆனா நேரத்துக்கு வேணும். சுகர்காரன் மாதிரி. லேட்டா போட்டா மயக்கம் போட்டுரும்."

எனக்கு அப்போது இது அவசரமாகத் தேவைப்பட்டது. ஒரு பார்சல் நிறுவனத்துக்கு வரும் புகார் அழைப்புகளை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கமுந்திங் தொழிற்சாலையில் என் கணவருக்கு ஓவர்டைம் நின்றுபோயிருந்த நேரம். இந்த வேலை போனால் வேறு வழியில்லை. வாய் எனக்கு நன்றாகவே உண்டு. அந்த வாயிலிருந்து கிளம்பும் பேச்சுதான் போய்ச் சேருவதற்குள் துண்டு துண்டானது. ஒரு அம்மாள், "ஏம்மா, தண்ணித் தொட்டிக்குள்ள உக்காந்தா பேசுற?" என்று கேட்டே விட்டாள்.

கோலாலம்பூரிலிருந்து என் சூப்பர்வைசர் கூப்பிட்டாள். "வியாழக்கிழமை காலைல நானே கால் பண்ணிப் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா, வேற ஆள் பாத்துக்குவோம்."

பந்தி அண்ணனுக்குச் சொல்லியனுப்பினேன். கல்யாணத்துக்கு வருவதுபோல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். கூடத்தில் என் மாமனார் வழக்கம்போல் போனில் மல்யுத்த வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்.

"வீட்ல பெரியவரு யாரு?"

மாமனார் நெஞ்சை நிமிர்த்திக் கையைத் தூக்கினார். அண்ணன் ஏதோ தட்டினார். "முடிஞ்சிது. நான் இன்னும் பசியாறல, வாரேன்," என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் என் மாமனாரின் பயில்வான்கள் அடித்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்படியொரு தெளிவு! ஒவ்வொருவன் நெற்றி வியர்வையும் தெரிந்தது. என் குரலோ முன்பாவது துண்டு துண்டாகப் போனது, இப்போது போகவே இல்லை. ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு ஒவ்வொருவராக வைத்தார்கள். நான் நேரே பந்தி அண்ணன் வீட்டுக்குப் போனேன். நான் சாதாரணமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"அண்ணே! யார முதல்ல விட்டீங்க?"

"பெரியவரத்தான். வேற யார விடுறது? நம்ம வழக்கம் அதானேம்மா?"

"அவரு பாக்குறது வீடியோ! பெருந்தீனிக்காரன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக ஒரு பெரிய மனுசன் போனப் போய் பின்னாடி தள்ள முடியுமா லா? மரியாதை இல்ல?"

"டத்தோவையே உக்கார வெச்ச ஆளு, எங்க மாமாவுக்குப் பயந்துட்டீங்களா?"

அண்ணனின் முகம் சுண்டிப் போய்விட்டது.

"அலாமாக்!" என்று தலையில் கை வைத்தார். "ஆளப் பாத்துட்டேன்மா. பசியப் பாக்காம விட்டுட்டேன்."

தெருவில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் மூத்தவர்களுக்கே முதலிடம் கொடுத்து வைத்திருக்கிறார் மனுஷன்! அந்த வாரம் முழுக்க இளசுகள் எல்லாம் போனை வைத்துக்கொண்டு ஏன் கத்திக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

உடனே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். விஷயம் தெரிந்ததும் மாமனார் போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என்னய ரெண்டாவது பந்திக்குத் தள்ளுறியா? என் வீட்லயேவா? பெட்டி என் பேர்ல இருக்கு தெரியுமில்ல? புடுங்கி எறிஞ்சிருவேன்!"

சொன்னால் செய்கிறவர் அவர். மறுநாள் வியாழக்கிழமை.

பந்தி அண்ணன் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க மக கல்யாணத்துல நீங்க எந்தப் பந்தில சாப்பிட்டீங்க?"

மாமனார் யோசித்தார். "நான் எங்க சாப்பிட்டேன்? எல்லாரும் போனப்புறம் மோர் குடிச்சேன்."

"பாத்தீங்களா! கல்யாணத்து வீட்டுக்காரரு என்னைக்காச்சும் முதல் பந்தில உக்காந்திருக்காரா? வந்தவன் போனவன் எல்லாம் முதல்ல சாப்பிடுவான். அத்தன பேரையும் சாப்பிட வெச்சிட்டு கடைசில உக்காருறது யாரு? வீட்டுக்குச் சொந்தக்காரரு. அந்த மரியாதை டத்தோவுக்கே கெடைக்காது லா."

மாமனாரின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"அதான!" என்றார். "நான்தானே வீட்டுக்காரன். என்னயக் கடைசில போடு. அந்த டிவியக்கூட எனக்கு முன்னாடி விடு!"

அண்ணன் இந்த முறை ஆளைக் கேட்கவில்லை. நான் வேலைக்குப் பேசும் ஆப்புக்கு முதலிடம் கொடுத்தார். வீடியோக்களைக் கடைசிக்கு அனுப்பினார். பிறகு என் போனையும் வாங்கிப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஆப்புகளை அணைத்தார். "இதுங்கள்லாம் பந்திக்கே வராம சமையக்கட்டுல கைய விட்டுத் தின்னுட்டு இருக்கும்மா," என்றார்.

வியாழக்கிழமை காலை சூப்பர்வைசர் அழைத்தாள். பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், எங்கள் கேட்டில் பந்தி அண்ணன் இரண்டு கையையும் விரித்து நிற்கிறார்! அரை நாள் லீவு போட்டிருக்கிறார். பேப்பர்காரரைத் திருப்பி அனுப்பினார். பக்கத்து வீட்டு அக்காவையும் அனுப்பினார். ஆள் நுழைவதற்கும் வைஃபைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை. உள்ளே மாமனார் தன் போனை அணைத்துவிட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்து முடித்த தகப்பன்போல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"பக்கத்துல இருந்து பேசுற மாதிரி கேக்குதே!" என்றாள் சூப்பர்வைசர். முடிவை மதியத்துக்குள் சொல்வதாகச் சொல்லி வைத்தாள். அதன் பிறகுதான் அண்ணன் கையை இறக்கி, கிடங்கு வேலைக்குக் கிளம்பினார்.

மதியம் செய்தி வந்தது. வேலை நிரந்தரம். நான் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை, முதலில் பந்தி அண்ணனைத்தான் அழைத்தேன்.

"சொல்லும்மா, என்ன சொன்னாங்க?"

வாயைத் திறந்தேன். தெருவையே வாசலுக்கு வரவழைத்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணீர்தான் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஹலோ? ஹலோ? என்னம்மா, மறுபடி கட்டாவுதா? நீ பெட்டியத் தொடாத. இந்தா, வாரேன்."

வைத்துவிட்டார். வெளியே நல்ல மழை. முகத்தைக் கழுவிக்கொண்டு நான் கூடத்துக்கு வருவதற்கும் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. தெப்பலாக நனைந்து வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே பெட்டிக்கு முன்னால் குந்திவிட்டார். விளக்குகளைப் பார்த்தார், வயரை ஆட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று திரும்பியபோதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"கெடச்சிருச்சாம்மா?"

தலையை ஆட்டினேன். அவர் மறுபடி பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டு, சரியாகவே இருந்த வயரைப் பிடுங்கிச் செருகினார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் பிடுங்கிச் செருகினார்.

கூடப் பிறந்த அண்ணன் தம்பி யாரும் எனக்கு இல்லை என்று சொல்லிக்கொள்வதை நான் அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.