கரடி பார்க்கப் போன அரங்கநாதன்

"டிக்கெட் குடுக்கறவன் எங்கடா?" என்று இரும்புக் கேட்டைக் காலால் தள்ளினார் அரங்கநாதன்.

உள்ளே ஒரு ஈமு கோழி கழுத்தை நீட்டி அவரை மேலும் கீழும் பார்த்தது. மனித வாடையே இல்லை.

நைனார்பாளையத்தில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் அரங்கநாதனுக்கு இந்த உலகத்தில் எதுவும் ஒரு பொருட்டில்லை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது ஊரே வெடி வெடித்தது. "இதெல்லாம் ஒரு மாவட்டமா?" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனவர் அவர். மலைமேல் கரியாலூர்ப் பக்கம் சின்னதாக ஒரு மிருகக்காட்சி சாலை திறந்திருக்கிறார்கள், அங்கே கரடி இருக்கிறது என்று அவர் மனைவி மணிமொழி மூன்று மாதமாக நச்சரித்தாள். அது தாங்காமல்தான் இன்று மகன் ஜீவாவைக் கார் ஓட்டச் சொல்லிக் கிளம்பினார். பாதி மலையில் ஜீவாவின் போனில் சிக்னல் போய், மேப் நின்றுவிட்டது. கம்பி வலையும் ஈமுவும் கண்ணில் பட்ட இடத்தில் ஜீவா வண்டியை நிறுத்தினான்.

"ஒரு போர்டுகூட வெக்கத் துப்பில்ல. இதுக்குப் பேரு ஜூ" என்றார் அரங்கநாதன்.

அதற்குள் புது வேட்டி சரசரக்க ஒருவர் ஓடிவந்தார்.

"வாங்க, வாங்க! நாந்தான் சின்னக்கண்ணு. காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கோம்."

"எங்களுக்காகவா? வேற ஒருத்தரும் வரலியா?"

"ஒரே நாள்ல ரெண்டு பேர வரச் சொன்னா நல்லா இருக்காதுங்களே. இன்னிக்கி நீங்க மட்டுந்தாங்க."

ஒரு நாளைக்கு ஒரே குடும்பம் வந்தால் டிக்கெட் காசு இந்த மிருகங்களுக்குத் தவிடு வாங்கக்கூடக் காணாதே என்று அரங்கநாதன் மூக்கைச் சுளித்தார்.

சின்னக்கண்ணு பெருமையோடு சுற்றிக் காட்டினார். "இது வான்கோழிங்க."

"எங்க ஊர்ல தெருவுக்கு நாலு மேயுது."

"இது முயலுங்க."

"இத நாங்க பாக்கறதில்ல. வறுத்துத் தின்னுடுவோம்."

சின்னக்கண்ணு அவசரமாகக் கொட்டகைப் பக்கம் கூட்டிப் போனார். அங்கே ஆறு கறவை மாடுகள் அசை போட்டன.

"இன்னாய்யா, பசு மாட்டையுமா காட்டுவீங்க?"

"புடிச்சதச் சொல்லுங்க. ரெண்டு மாடு கூடவே அனுப்பி வெச்சிடறோம்."

"மாடு ஓட்டினு போறதுக்கா கார் எடுத்துக்கினு வந்தோம்? இங்க மேனேஜர் யாரு?"

"எல்லாம் நாந்தாங்க. நானும் என் தம்பி பழனியும் பாத்துக்கறோம்."

அரங்கநாதன் முகம் போன போக்கைக் கண்டு பயந்துபோன சின்னக்கண்ணு, அவர்களை ஓட்டுக் கட்டிடத்தின் கூடத்தில் உட்காரவைத்து, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவரச் செய்தார்.

"புகார் எழுதாம இருக்க வாய அடைக்கறானுங்க" என்று மனைவியின் காதில் சொன்ன அரங்கநாதன், ஐந்தாவது பஜ்ஜியை எடுத்தார். "எண்ணெய் சரியில்ல."

உள்ளே ஏதோ பாத்திரம் வேகமாக வைக்கப்படும் ஓசை கேட்டது.

மணிமொழிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் நாங்க பாக்க வந்ததக் கண்ணுலயே காட்டலியே?"

"உள்ள இருக்குதும்மா. கொஞ்சம் கூச்சம். இதோ கூட்டியாரோம்."

அரங்கநாதன் கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். "இங்கயா? கடிக்காதே?"

சின்னக்கண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. இவர்கள் வந்ததிலிருந்து அவர் சிரித்தது இப்போதுதான். "நல்லா தமாசா பேசறீங்க! ரொம்ப சாதுங்க. இங்கயே பொறந்து வளந்தது. மலையில எங்க போனாலும் பொழுது சாயறதுக்குள்ள தானா வந்துடும்."

"அவுத்து வேற வுடறீங்களா? வயசு இன்னா ஆவுது?"

"இருபத்தி நாலுங்க."

"இருபத்தி நாலா! கெழடு தட்டிப் போச்சேய்யா! பல்லாச்சும் இருக்குதா?"

சின்னக்கண்ணுவின் சிரிப்பு செத்தது. "இன்னாங்க, இப்படிப் பேசறீங்க?"

"முடியெல்லாம் கொட்டியிருக்குமே?"

"முட்டி வரைக்கும் முடி தொங்குதுங்க!" என்று அடித்தொண்டையில் சொன்னார் சின்னக்கண்ணு.

"அந்த ஜாதிக்கே அப்படித்தாங்க" என்று மணிமொழி சமாதானம் செய்யப் போக, சின்னக்கண்ணுவின் கண் சிவந்துவிட்டது.

அப்போது காப்பித் தட்டோடு ஒரு பெண் வந்தாள். அரக்கு நிறப் பட்டு, தலை நிறையப் பூ. இந்த வேலைக்கு இத்தனை மினுக்கா என்று அரங்கநாதன் உதட்டைப் பிதுக்கினார்.

அவள் தட்டை அவர் முன்னால் நீட்டி, நேராகக் கண்ணைப் பார்த்தாள். "பல்லு எல்லாம் இருக்குதுங்க. எண்ணிப் பாக்கறீங்களா?"

"நான் எதுக்கும்மா வாய்க்குள்ள கைய வுடணும்? வெரல் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

ஜீவா சிரித்துவிட்டான். அவளும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் காப்பியை எடுத்தான், குடிக்கவில்லை.

வயதானவர்களோடு பேசிப் பயனில்லை என்று சின்னக்கண்ணு அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. புடிச்சிருக்குதா?"

"ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றான் ஜீவா, அவளிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

உள்ளேயிருந்து நாலைந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னாடா புடிச்சிருக்குது?" அரங்கநாதன் எழுந்து நின்றார். "ஒரு முயலு, ரெண்டு வான்கோழி! இத்தப் பாத்துட்டு உனக்குப் புடிச்சிடுச்சா? யோவ், நான் ஒரு மணி நேரமா உக்காந்திருக்கறேன். காட்டறதுன்னா இப்பவே காட்டு. இல்ல, மேலிடத்துக்கு எழுதிப் போட்டு இந்த எடத்தயே மூட வெச்சிடுவேன்!"

சின்னக்கண்ணு வாயைத் திறந்தார்.

கொட்டகைப் பக்கமிருந்து தம்பி பழனி போனைக் காதில் வைத்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணா, மாப்ள வூட்டுக்காரங்க பேசறாங்க! வழி தப்பிப் போயி, மேல ஜூவுல கரடிக் கூண்டாண்ட நின்னுக்கினு, பொண்ணு வூடு எங்கன்னு கேக்கறாங்க!"