குகை விழுங்கிய வளை

ஒரு காட்டில் கதவே இல்லாத முகவரிப் பதிவுக் குகை ஒன்று இருந்தது. பகலில் மயிலும் இருட்டில் ஆந்தையும் வந்துபோவதால், அதை ஒரு நாழிகைகூட மூடுவதில்லை. யார் எங்கே குடியிருக்கிறார் என்பதை எழுத்தர் கிளி தேக்கிலையில் கீறி அடுக்கி வைக்கும்.

இடம் மாறினால் பழைய இலையைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டுப் புதிய இலை எழுத வேண்டும். யாராவது பழையதைப் படித்துக்கொண்டிருந்தால், கையிலிருந்து பிடுங்குவது மரியாதையா?

அந்த மரியாதையாலேயே குகை நிரம்பியது. தூக்கணாங்குருவி ஒருவன் மனைவிக்குப் பிடிக்கும்வரை ஒரே பருவத்தில் ஏழு கூடு கட்டினான், ஏழு இலை. புலி தின்றுவிட்ட மான்களுக்கும் கோடு போட்ட இலைகள் இருந்தன.

இந்தச் செத்த இலைகளை அள்ளிக் கொட்டுவது வடிவு என்ற பெருச்சாளியின் வேலை. குகைச் சுவரை ஒட்டியே அவள் வளை. இரண்டு வருஷம் பல் தேயத் தோண்டியது. மழை எவ்வளவு அடித்தாலும் ஒரு சொட்டு உள்ளே வராது.

தை மாதம் ஆமை ஒருவர் வந்து உட்கார்ந்தார். காட்டுக் குடிகளைப் பட்டியல் எடுக்கப் போவதாகச் சொன்னார். ஒருவர் படிக்க உட்கார்ந்தால், அவர் எழுந்திருக்கும்வரை, அன்றைக்குப் பிறகு கோடு விழுந்த எந்த இலையையும் அகற்றக் கூடாது என்பது விதி. அவர் கண்ணுக்குக் காடு அன்றிருந்தபடியே இருக்க வேண்டுமாம்.

மாசி போனது, பங்குனி போனது. வடிவு துடைப்பத்தோடு சும்மா நின்றாள். வைகாசியில் புது இலை வைக்க இடமில்லை.

சூப்பிரண்டு காட்டெருமை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன வடிவு, ஒரே குப்பை? துடைப்பம் தூங்குதா?"

"ஆமையார் எழுந்தா ஆறு நாள்ல அள்ளிடுவேன் ஐயா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"படிக்கிறவரை எழுப்பச் சொல்றியா? என் மேல மனு போடுவாரு. இடம்தானே வேணும்?"

கொம்பால் சுவரில் ஒரு முட்டு. சுவர் சரிந்தது. அந்தப் பக்கம் வடிவின் வளையும், அவள் படுக்கும் வைக்கோலும் தெரிந்தன.

"நல்ல விசாலம்!" என்றார். "அடுக்குங்க."

வடிவின் முகவரி இலையில் கோடு விழுந்தது.

"புது முகவரி?" என்று கிளி கேட்டது.

மழைக்கு இன்னும் பத்தே நாள். வடிவு நேரே போய் ஆமையின் ஓட்டில் தட்டினாள்.

"ஐயா, பட்டியல் இன்னும் எவ்வளவு பாக்கி?"

தலை மெல்ல வெளியே வந்தது. "பட்டியலா? அது மாசியிலேயே முடிஞ்சிதேம்மா."

"பின்னே ஏன் உக்காந்திருக்கீங்க?"

"எழுந்திருன்னு யாரும் சொல்லலையே. உள்ளே குளுகுளுன்னு வேற இருக்கு."

கொட்டாவி விட்டுக் கிளம்பினார். வாசலைத் தாண்ட மூன்று நாள் ஆனது. பிறகு வடிவு ஆறு நாள் இடுப்பொடிய அள்ளினாள். குகை முக்கால்வாசி காலி. இருமினால் எதிரொலித்தது.

"ஐயா, இனி என் வளை வேண்டாமே. திருப்பிக் கொடுத்திடுங்க," என்று சூப்பிரண்டிடம் கேட்டாள்.

"அது எப்படி? இனி வரப்போற இலைக்கெல்லாம் இடம் வேண்டாமா? அதோட, நாலு இலை இங்கே, மூணு இலை உன் வளையிலேன்னு சிதறிக் கிடக்கு. எல்லாத்தையும் நெருக்கி அடுக்கணும்னா ஒரு நாள் முழுக்கக் குகையை மூடணும். நாம என்னைக்காவது மூடியிருக்கோமா?"

"அப்ப நான் எங்கே போறது?"

"வேலை சுத்தமா செஞ்சிருக்கே. ரொம்ப சந்தோஷம்."

வெளியே முதல் தூறல் விழுந்தது. அள்ளாமல் மிச்சமிருந்த ஒரே செத்த இலை வடிவினுடையது. அதை எடுக்கக் குனிந்தவள், துடைப்பத்தைக் கீழே போட்டாள். இலையைக் கையில் பிடித்தபடி, தன் வைக்கோல் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அங்கே என்ன பண்றே?" என்றார் சூப்பிரண்டு.

"படிக்கிறேன் ஐயா."

"எப்ப முடியும்?"

"இப்பதான் முதல் எழுத்து."

காட்டெருமை இரண்டடி பின்வாங்கினார். "சத்தம் போடாதே," என்று கிளியை அதட்டினார்.

நீதி: வேலையை முடித்தவருக்கு வீடில்லை, முடிக்காதவரை எழுப்ப ஆளில்லை. ஆகையால் நல்லவர்களே, மெதுவாகப் படியுங்கள்.